உல்லன் நூலில் ஒரு கதம்பம்: முடிச்சுத் தோரணம் கட்டும் முறை

பூக் கட்டத் தெரிந்த கைக்கு உல்லன் நூல் தோரணம் அரை மணி நேரத்தில் வசப்பட்டுவிடும். நாரை ஒரு சுற்றுச் சுற்றி, விரலில் சுருக்கு எடுத்துக் காம்பில் மாட்டி இழுக்கிறோமே, அதே வேலைதான். பூக் கட்டத் தெரியாதவர்களும் தயங்க வேண்டாம். அவர்களுக்கென்று அதைவிட எளிதான ஒரு முடிச்சு இருக்கிறது. அதிலிருந்து தொடங்கி, பூக்கட்டு முறைக்குப் பிறகு வருகிறேன்.

பிறந்தநாள், வளைகாப்பு, கொலு என்று வீட்டில் ஒரு விசேஷம் வந்தால் மினுமினுப்புத் தாள், பலூன், பிளாஸ்டிக் பூச்சரம் என்று வாங்கி ஒட்டுகிறோம். மறுநாள் காலையில் எல்லாம் குப்பைக் கூடையில் கிடக்கும். நூல் தோரணம் அப்படிப் போகாது. என் அண்ணன் மகளின் முதல் பிறந்தநாளுக்குக் கட்டிய தோரணம் இப்போது அவள் படிக்கும் மேசைக்கு மேலே தொங்குகிறது. நடுவில் இரண்டு கொலு, ஒரு சீமந்தம் பார்த்துவிட்டது. ஒரு சாயங்கால வேலைக்கு இது நல்ல பலன்.

நூல் வாங்கும்போது

கடலூரில் நான் நூல் வாங்குவது திருப்பாதிரிப்புலியூர் லாரன்ஸ் ரோட்டு ஃபேன்சி கடைகளில். வளையல், ரிப்பன், பொத்தான் விற்கும் கடையில் "உல்லன் நூல் இருக்கா?" என்று கேட்டால் மேல்தட்டிலிருந்து ஒரு பெரிய பையை இறக்குவார்கள். புதுச்சேரிக்காரர்கள் நேரு வீதிப் பக்கம் போய்க் கேட்கலாம். உல்லன் என்பது பேச்சு வழக்கு. கடையில் கிடைப்பதில் பெரும்பாலானது அக்ரிலிக் நூல். ஆட்டு ரோமத்தில் செய்தது நம் ஊரில் அபூர்வம். தோரணத்துக்கு அக்ரிலிக்கே எனக்குப் பிடித்தது. காரணம் இந்த ஊரின் காற்று. ஐப்பசி, கார்த்திகையில் இங்கே சுவரே வியர்க்கும். பருத்தி நூல் அந்த ஈரத்தைக் குடித்துக்கொண்டு ஒருவித முடை நாற்றம் அடிக்க ஆரம்பிக்கும். அக்ரிலிக் ஈரத்தை அவ்வளவாக இழுக்காது, நிறமும் சட்டென்று மங்காது. ஆனால் அக்ரிலிக்குக்குத் தீ ஆகாது. அதைப் பிறகு சொல்கிறேன்.

கையில் இருப்பது எந்த நூல் என்று சந்தேகம் வந்தால், ஓர் அங்குலத் துண்டை இடுக்கியில் பிடித்து, கீழே தண்ணீர்ப் பாத்திரம் வைத்துக்கொண்டு கொளுத்திப் பாருங்கள். அக்ரிலிக் உருகிச் சுருண்டு, ஆறியதும் கறுத்த கெட்டி மணியாக நிற்கும். பருத்தி காகிதம் போல எரிந்து, ஊதினால் பறக்கிற சாம்பலாகும். ரோமம் என்றால் தலைமுடி கருகும் வாடை வரும். குழந்தைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைச் செய்யாதீர்கள்.

இன்னொரு சோதனையை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். முதன்முதலில் கட்டியபோது குங்குமச் சிவப்பில் பருத்தி நூல் வாங்கினேன், நிறம் அவ்வளவு அழகு. வாசல் திண்ணைக்கு மேலே கட்டினேன். இரவு சாரல் அடித்தது. காலையில் பார்த்தால் வெள்ளைச் சுவரில் மேலிருந்து கீழ்வரை இளஞ்சிவப்புக் கோடுகள். துடைத்தால் பரவியது. இரண்டு கை சுண்ணாம்பு அடித்த பிறகுதான் மறைந்தது. அதிலிருந்து, எந்தக் கடையில் எந்த நூல் வாங்கினாலும் ஒரு துண்டை நனைத்து வெள்ளைத் துணியில் சுற்றிப் பத்து நிமிடம் அழுத்தி வைத்துப் பார்த்த பிறகே கத்தரியைத் தொடுகிறேன். குறிப்பாகச் சிவப்பு, கருநீலம், ஊதா.

எவ்வளவு வாங்க வேண்டும்? 5 அடி நீளத் தோரணம் ஒன்றுக்கு, 5 நிறங்களில் 25 கிராம் உருண்டை ஒவ்வொன்று போதும். மிச்சமே இருக்கும். ரொம்ப மெல்லிய நூல் வேண்டாம். தீக்குச்சி கனத்துக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தால் முடிச்சு நன்றாகத் தெரியும்.

நிறம் தேர்ந்தெடுக்கத் திணறினால் பூக்கடைக்குப் போய்க் கதம்பத்தைப் பாருங்கள். கனகாம்பரத்தின் செம்மஞ்சள், முல்லையின் வெள்ளை, மருக்கொழுந்தின் பச்சை, அரளியின் ரோஸ், குளிர்காலமானால் டிசம்பர் பூவின் ஊதா. கட்டுபவர் ஒரு நிறத்துக்கும் இன்னொரு நிறத்துக்கும் நடுவில் கொஞ்சம் பச்சையையோ வெள்ளையையோ நுழைத்துக்கொண்டே போவார். அந்த இடைவெளிதான் மற்ற நிறங்களைத் தூக்கிக் காட்டுகிறது. ஐந்தும் அடர்நிறமாக எடுத்தால் தோரணம் தூரத்திலிருந்து ஒரே கறுப்பாகத் தெரியும். அதனால் ஐந்தில் ஒன்று வெள்ளையோ சந்தன நிறமோ கட்டாயம் இருக்கட்டும்.

ஆதாரக் கயிறு

முடிச்சுகளைத் தாங்கும் கயிறு இது. முறுக்கிய பருத்திக் கயிறு முதல் தரம். நூல் அதில் வழுக்காது. சணல் கயிறும் நன்றாகப் பிடித்துக்கொள்ளும், ஆனால் அதன் தும்பு வெளிர்நிற நூலில் ஒட்டிக்கொள்ளும். துறைமுகப் பக்கம் வலைக்கு விற்கும் நைலான் நூல் பலமானது என்று சிலர் வாங்குகிறார்கள். வேண்டாம். அது வழவழவென்று இருப்பதால் முடிச்சுகள் எல்லாம் நடுவில் வந்து குவிந்துவிடும். எதுவும் கிடைக்கவில்லை என்றால் அதே உல்லன் நூலில் ஆறு இழை எடுத்து, இரண்டிரண்டாகச் சேர்த்து, தலைச்சடை பின்னுவதுபோலப் பின்னிக்கொள்ளுங்கள். அது போதும்.

5 அடித் தோரணத்துக்கு 7 அடிக் கயிறு வெட்டுங்கள். இரண்டு பக்கமும் ஒவ்வோர் அடி கட்டுவதற்கு. ஒரு முனையிலிருந்து 1 அடி தள்ளி ஒரு சாதா முடிச்சுப் போடுங்கள். அதுதான் உங்கள் தொடக்க எல்லை. இதை விட்டுவிட்டால், கட்டி முடித்துத் தொங்கவிடும்போது ஓரத்து முடிச்சுகள் மெல்ல நழுவி வெளியே போகும்.

நூலை வெட்டுவது

புதியவர்கள் அதிகம் கெடுத்துக்கொள்வது இந்த இடத்தில்தான். அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

போன வருஷத்து தினசரி காலண்டரின் அட்டை இருக்குமே, அதிலிருந்து 15 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். அந்த அகலத்தைச் சுற்றி நூலைச் சுற்றுங்கள். ஒரு சுற்று 30 சென்டிமீட்டர். சுற்றி முடித்ததும் ஒரே ஓரத்தில் மட்டும் கத்தரியை நுழைத்து வெட்ட வேண்டும். அப்போது 30 சென்டிமீட்டர் துண்டுகள் கிடைக்கும். இரண்டு ஓரத்தையும் வெட்டினால் எல்லாம் 15 சென்டிமீட்டராகப் போய்விடும், மடித்துக் கட்ட நீளம் பற்றாது.

சுற்றும்போது இழுத்துச் சுற்றாதீர்கள். அக்ரிலிக் நூல் இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். இறுக்கிச் சுற்றி வெட்டிய துண்டுகள் மேசையில் விழுந்ததும் ஒரு விரல் குறைந்து கிடக்கும். அட்டை வளையாமல், நூல் தொய்யாமல், சும்மா படுக்கவைப்பதுபோலச் சுற்ற வேண்டும். ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றிக்கொண்டே போகவும் கூடாது. மேல் சுற்று அடிச் சுற்றைவிட நீளமாகிவிடும். பக்கம் பக்கமாகப் படிய 33 சுற்று, வெட்டி எடுத்து வைத்துவிட்டு மறுபடி 33 சுற்று. ஒரு நிறத்துக்கு 66 துண்டு தேவை.

அது எப்படி 66 என்று கேட்பீர்கள். ஒரு முடிச்சுக்கு மூன்று துண்டு சேர்த்துக் கட்டுகிறோம். 10 சென்டிமீட்டர் கயிற்றில் இப்படிப்பட்ட முடிச்சு ஏழு, சில இடத்தில் எட்டு உட்காரும். 5 அடிக்கு, அதாவது ஏறக்குறைய 150 சென்டிமீட்டருக்கு, 110 முடிச்சு. 330 துண்டு. ஐந்து நிறத்துக்குப் பகிர்ந்தால் 66. நிறத்துக்கு 20 மீட்டர் நூல் கணக்கு. உங்கள் நூல் தடியாக இருந்தால் முடிச்சு குறையும், மெல்லியதாக இருந்தால் கூடும். முதலில் ஒரு சாண் கட்டிப் பார்த்து எண்ணிக்கொண்டு மீதியை வெட்டுவது புத்திசாலித்தனம்.

வெட்டிய துண்டுகளை நிறவாரியாகத் தட்டில் வையுங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள்.

மடித்து மாட்டும் முடிச்சு

கயிற்றின் ஒரு முனையைச் சன்னல் கம்பியிலும் மறுமுனையை நாற்காலி முதுகிலும் கட்டி, மார்பு உயரத்தில் விறைப்பாக நிறுத்திக்கொள்ளுங்கள். கயிறு தொங்கிக்கொண்டிருந்தால் முடிச்சு சரியாக விழாது.

மூன்று துண்டுகளை நுனி சேர்த்துப் பிடித்துச் சரிபாதியாக மடியுங்கள். மடித்த இடத்தில் ஒரு சிறு காது கிடைக்கும். அந்தக் கற்றையைக் கயிற்றுக்குப் பின்பக்கம் வையுங்கள். காது கயிற்றுக்கு மேலே ஓர் அங்குலம் எட்டிப் பார்க்க வேண்டும், நுனிகள் கீழே தொங்க வேண்டும். இப்போது காதை உங்கள் பக்கமாகக் கயிற்றின்மேல் மடக்கிக் கீழே கொண்டுவாருங்கள். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் காதுக்குள் நுழைத்து, பின்னால் தொங்குகிற ஆறு நுனிகளையும் பிடித்து, காதின் வழியே உங்கள் பக்கம் இழுத்துவிடுங்கள். கீழ்நோக்கி ஓர் இழு. முடிந்தது.

சாவிக்கொத்தில் கயிறு மாட்டுவது இப்படித்தான். மேக்ரமே, அதாவது கயிற்றில் முடிச்சுப் போட்டே அலங்காரப் பொருள் செய்யும் கைவேலை செய்பவர்கள், இதை லார்க்ஸ் ஹெட் என்பார்கள். சரியாக விழுந்த முடிச்சைப் பார்த்தால், கயிற்றைச் சுற்றி இரண்டு வரிகள் ஏறி இறங்கியிருக்கும், அவற்றின் குறுக்கே வேட்டிமேல் கட்டிய துண்டுபோல ஒரு பட்டை தெரியும். அந்தப் பட்டை எல்லா முடிச்சிலும் உங்கள் பக்கமே தெரிய வேண்டும். ஒன்று முன்னாலும் ஒன்று பின்னாலும் விழுந்தால் தொங்கும் நூல்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்கும்.

இறுக்கம் பற்றி ஒரு வார்த்தை. பாடலீஸ்வரர் கோயில் பக்கம் பூக் கட்டும் அக்கா ஒருவரிடம் நான் சின்ன வயதில் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். "இறுக்குனா காம்பு ஒடியும், விட்டா பூ உதிரும், கை அதுவா கத்துக்கும்மா" என்பார். நூலில் காம்பு ஒடிய வழியில்லை, ஆனாலும் அந்த அளவுதான் இங்கேயும். முடிச்சை விரலால் தள்ளினால் நகர வேண்டும், தானாக நகரக் கூடாது. முதல் பத்து முடிச்சு ஒன்றுபோல வராது. அவிழ்த்துக்கொண்டு உட்காராமல் மேலே போங்கள். முப்பதாவது முடிச்சில் கை படிந்துவிடும்; அப்போது திரும்பி வந்து முதல் பத்தை மாற்றிக்கொள்ளலாம். இந்த முடிச்சைக் காதைப் பிடித்து இழுத்தாலே கழன்று வந்துவிடும்.

முடிச்சுகளை நெருக்கித் தள்ளுங்கள், ஆனால் அடைக்காதீர்கள். அடைத்தால் கயிறு முறுக்கிக்கொண்டு, தொங்கவிட்டதும் நூல்கள் பாதி முன்னும் பாதி பின்னும் திரும்பும்.

நிற வரிசையில் இரண்டு வழி உண்டு. ஒரு நிறத்துக்கு ஒரு முடிச்சு என்று ஐந்தும் மாறி மாறி வருவது ஒன்று. அருகில் பார்க்கக் கலகலப்பாக இருக்கும். நிறத்துக்கு நான்கைந்து முடிச்சு என்று பட்டை பட்டையாக வருவது இன்னொன்று. மண்டபம்போலத் தூரத்திலிருந்து பார்க்கும் இடத்துக்கு அதுதான் சரி. வீட்டுக்கு எனக்குப் பிடித்தது மூன்றாவது: வெள்ளை இரண்டு, மற்றது ஒன்று, பச்சை ஒன்று, மறுபடி வெள்ளை என்று கதம்பக் கணக்கு. அப்படிச் செய்தால் வெள்ளையை நிறையவும் பச்சையைக் கொஞ்சம் கூடுதலாகவும் மற்றவற்றைக் குறைவாகவும் வெட்டிக்கொள்ள வேண்டும்.

கடைசி முடிச்சுக்குப் பக்கத்தில் கயிற்றிலேயே இன்னொரு சாதா முடிச்சு. அதோடு தோரணம் கட்டி ஆயிற்று. முதல் தடவைக்கு இரண்டு மணி நேரம் ஆகும்.

நுனியை இப்போதே வெட்டிச் சமப்படுத்தாதீர்கள். தொங்கவிட்டு, ஒரு ராத்திரி அப்படியே விட்டு, நூல் தன் சுருக்கத்தை விட்ட பிறகு அகலப் பல் சீப்பால் மேலிருந்து கீழாக வாரிவிட்டு, அப்புறம் வெட்டுங்கள். நேர்கோடாக வெட்டுவது கஷ்டம், சிறு பிசகும் கண்ணில் படும். நடுவில் நீளமாகவும் ஓரங்களில் குட்டையாகவும் வருமாறு சரிவாக வெட்டினால் பிசகு மறைந்துவிடும். சுருண்டே கிடக்கும் நூலை இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துவிடலாம் என்று தோன்றும். அக்ரிலிக்கில் பெட்டியை வைக்கவே கூடாது. நூல் உயிரற்றுத் துவண்டு பளபளப்பாகிவிடும், சூடு அதிகமானால் ஒட்டிக்கொள்ளும். கையை நனைத்து நீவிவிட்டுக் காயவிட்டாலே நேராகும்.

நூல் பாதியில் தீர்ந்தால்

ஆதாரக் கயிறு பற்றாமல் போகலாம். அடுத்து வரும் பூக்கட்டு முறையில் கட்டும் நூல் நடுவில் தீர்ந்தும் போகலாம். பெரும்பாலோர் இரண்டு முனையையும் சேர்த்துப் பிடித்து ஒரே முடிச்சாகப் போட்டுவிடுவார்கள். அது ஒரு குமிழ்போலத் துருத்திக்கொண்டு நிற்கும்.

என் தாத்தா புதுச்சேரி ரோடியர் மில்லில் வேலை பார்த்தவர். கடலூர் சாலையில் முதலியார்பேட்டைப் பக்கம் 1898இல் தொடங்கி 2020இல் மூடப்பட்ட ஏ.எஃப்.டி. ஆலையை ஊரில் அப்படித்தான் சொல்வோம். தறியில் இழை அறுந்தால் அவர் கை எப்படி இணைக்கும் என்று வீட்டில் சணலில் போட்டுக் காட்டுவார். கண்ணை மூடிக்கொண்டு போடுவார். பல வருஷம் கழித்து, தேவனாம்பட்டினம் கடற்கரையில் ஒரு பெரியவர் வலை பழுது பார்ப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஒவ்வொரு கண்ணியிலும் ஊசி போய் வந்த வழி எனக்குப் பழக்கமானதாக இருந்தது. தாத்தாவின் முடிச்சேதான். தறியில் இழை சேர்ப்பதும் வலையில் கண்ணி கட்டுவதும் அமைப்பில் ஒன்று என்று அன்று புரிந்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் இன்னும் குறையவில்லை. இழுக்க இழுக்க இறுகும், துருத்தாது. அதனால்தான் இரண்டு தொழிலுக்கும் அதுவே பொருந்துகிறது.

போடும் விதம்: பழைய நூலின் முனையை இடது கையில் மடித்து ஒரு சின்னக் காதாகப் பிடியுங்கள். புதிய நூலின் முனையைக் காதுக்குள் கீழிருந்து மேலே விடுங்கள். அதை அப்படியே காதின் இரண்டு கால்களுக்கும் பின்னால் சுற்றி முன்பக்கம் கொண்டுவாருங்கள். இப்போது மறுபடி காதுக்குள் விடாமல், தான் காதுக்குள்ளிருந்து ஏறி வந்த நூலுக்கு அடியில் நுழைத்து வெளியே எடுங்கள். நான்கு முனையையும் மெல்ல இழுத்து இறுக்குங்கள். மிச்ச முனைகள் இரண்டும் ஒரே பக்கத்தில் இருந்தால் நன்றாகப் பிடிக்கும். அவற்றை அரை அங்குலம் விட்டு வெட்டுங்கள். ஒட்ட வெட்டினால் நழுவும். முதலில் தடித்த சணலில் பத்துத் தடவை போட்டுப் பழகுங்கள், பிறகு நூலுக்கு வாருங்கள்.

பூக்கட்டு முறையில் உருண்டைத் தோரணம்

முதல் தோரணம் குஞ்சம் குஞ்சமாகத் தொங்கும் வகை. இது நெருக்கிக் கட்டிய பூச்சரம்போல நான்கு பக்கமும் புசுபுசுவென்று நிற்கும். குத்துவிளக்குக்குப் பின்னால் இருக்கும் சுவர், கொலுப்படியின் ஓரம், கண்ணாடிச் சட்டம் ஆகியவற்றுக்கு இதுதான் அழகு. விளக்கிலிருந்து தள்ளியே இருக்கட்டும்.

இதற்குத் துண்டுகள் குட்டையாக வேண்டும்: 10 சென்டிமீட்டர். 5 சென்டிமீட்டர் அட்டையில் சுற்றி ஓர் ஓரம் வெட்டுங்கள். ஒரு கட்டுக்கு ஆறு துண்டு. கட்டுவதற்குப் பூக் கட்டும் நூலையே இரட்டையாக எடுத்துக்கொள்ளலாம், ஒற்றையாக எடுத்தால் இழுக்கும்போது அறும். அளந்து வெட்டிவிடாமல் கண்டிலிருந்தே ஓடவிட்டுக் கட்டுங்கள். இந்த முறையில் கட்டும் நூல் ஒவ்வொரு கட்டையும் சுற்றிச் சுற்றிப் போவதால் தோரணத்தின் நீளத்தைப்போலப் பல மடங்கு செலவாகும்.

நூலின் முனையில் 1 அடி விட்டு, இடது கைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடியுங்கள். ஆறு துண்டுக் கற்றையை, இடுப்பு அந்த நூலின்மேல் வருமாறு நிமிர்த்தி வைத்து அழுத்திக்கொள்ளுங்கள். வலது கை நூலை எடுத்துக் கற்றையின் இடுப்பை முழுதாக ஒரு சுற்று. அடுத்து, வலது கை விரல்களில் நூலைத் திருப்பி ஒரு சுருக்கு எடுத்து, கற்றையின் தலைவழியே மாட்டி, இடுப்பில் கொண்டுவந்து, பக்கவாட்டில் இழுத்து இறுக்குங்கள். இழுத்ததும் கற்றை மேலும் கீழும் விரிந்து பூப்போல உட்காரும். அடுத்த கற்றையை அதற்கு ஒட்டி வையுங்கள்.

பூக் கட்டிப் பழகியவர்களுக்கும் ஓர் இடத்தில் தடுமாற்றம் வரும். மல்லிகைக் காம்பு விறைப்பாக நிற்கும், சுருக்கு சுலபமாக மாட்டும். நூல் துவண்டு சாயும், சுருக்குக்குள் பாதி இழைதான் போகும், மீதி வெளியே நிற்கும். அந்த இழைகள் பிறகு உதிரும். இதற்கு நான் கண்ட வழி: கற்றையின் மேல்பாதியை விரலால் ஒரு முறுக்கு முறுக்கிக் குச்சிபோல ஆக்கிக்கொண்டு சுருக்கை மாட்டுவது. இறுக்கியதும் முறுக்கு தானாக அவிழ்ந்துவிடும். ஒவ்வொரு கட்டு முடிந்ததும் ஆறு இழையையும் லேசாக இழுத்துப் பாருங்கள். ஒன்று உருவிக்கொண்டு வந்தாலும் அந்தக் கட்டை அவிழ்த்துத் திரும்பக் கட்டுங்கள். பத்துக் கட்டு தாண்டிய பிறகு தெரியவந்தால் திருத்த வழியில்லை.

கட்டி முடித்ததும் சரத்தை மேசையில் வைத்து உள்ளங்கையால் உருட்டுங்கள். நுனிகள் எல்லாப் பக்கமும் பரவும். சீப்பின் முனையால் நுனிகளைக் கொஞ்சம் குத்திவிட்டால் ஒவ்வோர் இழையும் பிரிந்து சாமந்திபோலப் பூக்கும். நீட்டிக்கொண்டிருப்பதை மட்டும் கத்தரியுங்கள்.

தொங்கவிடுவது

நிலைவாசலில் மாவிலைத் தோரணம் கட்டும் இரண்டு ஆணி ஏற்கெனவே இருக்கும். அதையே பயன்படுத்தலாம். ஆனால் நீளத்தில் கவனம் வேண்டும். மூன்றரை அடி, அதாவது 42 அங்குல வாசலுக்கு 44 அங்குலத் தோரணம் கட்டினால் என்ன ஆகும்? இரண்டு அங்குலம்தானே அதிகம் என்று தோன்றும். நடுவில் ஏறக்குறைய ஐந்தரை அங்குலம் தொய்யும். அதற்குக் கீழே குஞ்சம் ஐந்தரை அங்குலம். உயரமானவர்கள் தலையில் இடிக்க ஆரம்பித்துவிடும். அதனால் வாசலுக்கு என்றால் ஆணிக்கு ஆணி அளந்து, ஓர் அங்குலத்துக்கு மேல் கூட்ட வேண்டாம். 42 அங்குலத்துக்கு 80 முடிச்சு போதும். சுவருக்கு என்றால் தொய்வுதான் அழகு. 5 அடித் தோரணத்தை 4 அடி இடைவெளியில் கட்டுங்கள். நடுவில் ஓர் அடிக்குக் கொஞ்சம் மேலாக வளைந்து இறங்கும்.

சுண்ணாம்புச் சுவரில் ஒட்டும் கொக்கிகள் நிற்பதில்லை. மழைக்காலத்தில் சுண்ணாம்போடு சேர்ந்து பெயர்ந்து விழும். திரைச்சீலைக் கம்பி, சன்னல் கம்பி, ஆணி இவற்றையே நம்புங்கள். பிற்பகலில் கடற்காற்று எழும்பும் வீடுகளில் தோரணம் ஆடி ஆடி முறுக்கிக்கொள்ளும். நடுப்புள்ளியில் ஒரு மெல்லிய நூலால் சுவர் ஆணியில் பிணைத்துவிட்டால் அடங்கும்.

தீ விஷயத்துக்கு வருகிறேன். அக்ரிலிக் எரியும்போது உருகும், உருகியது தோலில் ஒட்டும். அகல்விளக்கு, சாம்பிராணி, பிறந்தநாள் மெழுகுவத்தி, சமையல் அடுப்பு எதற்கும் பக்கத்திலோ மேலேயோ கட்டாதீர்கள். கார்த்திகை தீபத்தன்று வாசல் தோரணத்தை நான் கழற்றியே வைத்துவிடுவேன். கேக் மேசைக்குப் பின்னால் கட்டுவதானால், மேசையைச் சுவரிலிருந்து நன்றாக முன்னால் இழுத்துப் போடுங்கள். குஞ்சம் எந்தக் காற்றுக்கும் மெழுகுவத்தியை எட்டக் கூடாது.

குழந்தையின் தொட்டிலுக்கு மேலே, எட்டிப் பிடிக்கும் உயரத்தில் எந்தத் தோரணமும் வேண்டாம். கயிறு கழுத்தில் சுற்றும் ஆபத்து உண்டு. அதேபோல மொட்டைமாடியிலோ மரத்திலோ கட்டிவிட்டு மறந்துவிடாதீர்கள். நூல் இழைகள் பறவைகளின் காலில் சிக்கி இறுகிவிடும். விசேஷம் வெளியில் நடந்தால் அன்றே கழற்றி உள்ளே கொண்டுவாருங்கள். வெட்டி விழுந்த துணுக்குகளையும் கூட்டி அள்ளுங்கள். அக்ரிலிக் மண்ணில் மக்காது. ஒரு சின்னத் துணிப்பையில் சேர்த்து வைத்தால் ஊசி குத்தும் மெத்தையாகவோ பொம்மைக்கு உள்ளடைப்பாகவோ ஆகும்.

தூசி படிந்தால் ஒரு வாளியில் வெதுவெதுப்பான தண்ணீரும் கொஞ்சம் ஷாம்பூவும் விட்டு, தோரணத்தை முக்கி அமுக்கி எடுங்கள். முறுக்கிப் பிழியாதீர்கள். ஒரு பழைய துண்டில் சுருட்டி அழுத்தினால் தண்ணீர் இறங்கிவிடும். நிழலில் தொங்கவிட்டு, பாதி காய்ந்ததும் சீப்பால் ஒரு வாரு.

எடுத்து வைக்கும்போது, நூல் சுற்றப் பயன்படுத்திய அதே காலண்டர் அட்டையின் மிச்சத்தை எடுத்து, குஞ்சம் மடங்காமல் நேராகப் படியுமாறு தோரணத்தைச் சுற்றி, பழைய தலையணை உறைக்குள் போட்டு வையுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டிவைத்தால் உள்ளே ஈரம் நிற்கும். அட்டையின் ஓரத்தில் நீளத்தையும் முடிச்சு எண்ணிக்கையையும் பேனாவால் எழுதிவிடுங்கள். அடுத்த கொலுவுக்கு இன்னொன்று கட்ட உட்காரும்போது நூல் எவ்வளவு வாங்குவது என்று மறுபடி கணக்குப் போட வேண்டியிருக்காது.